காற்றைக் கேட்டுப் போகும் தீவு

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் செல்லும் என்று அந்த ஊரார் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். "அதைக் காத்தைத்தான் கேக்கவேணும்" என்பார்கள். வேடிக்கைக்காகச் சொல்லும் விடையன்று அது. மணிக்கூட்டைப் பார்த்து எழுந்து, மணிக்கூட்டைப் பார்த்து உண்டு, மணிக்கூட்டைப் பார்த்தே உறங்கும் நமக்கு அது ஒரு விடையாகவே தோன்றாது. ஆயினும் அந்தத் தீவிலே ஒரு பகற்பொழுதைக் கழித்தவர்களுக்கு அதன் பொருத்தம் நன்கு விளங்கும்.

நிகழ்கணத்தில் வாழவேண்டும் என்னும் உபதேசம் இக்காலத்தில் மிகவும் மலிந்துவிட்டது. நாட்காட்டியின் தாள்களிலும், தேநீர்க்கடைச் சுவர்களிலும், கைத்தொலைபேசியில் விடியற்காலையில் வந்து விழும் வாழ்த்துச் செய்திகளிலும் அதனைக் காண்கிறோம். சொல்வோர் பலர், செய்து காட்டுவோரைத்தான் காணோம். நாம் நெடுந்தீவுக்குப் புறப்பட்டது இந்தப் பாடத்தைத் தேடியன்று. மட்டக்குதிரைகளைப் பார்க்கவேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சித்திரை விடுமுறையும் வாய்த்தது. ஒரு நாட் காலையில் புறப்பட்டோம். அவ்வளவே.

பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இரு புறமும் பரவைக் கடல் விரிகிறது. முழங்காலளவு நீரில் தடிகளை வரிசையாக நட்டு, வலை கட்டி, இறாலுக்கு வழி மறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடியின் உச்சியிலும் ஒரு பறவை, அந்தத் தடி தனக்காகவே நடப்பட்டது என்ற பாவனையில் வீற்றிருக்கும். அல்லைப்பிட்டியும் வேலணையும் கழிந்து, நீண்ட தாம்போதியொன்றின் வழியே பஸ் புங்குடுதீவை அடைகிறது. கடல் கடந்து போய்விட்டவர்களின் பூட்டிய வீடுகள் வழிநெடுக நிற்கின்றன. காண்பதற்கு இவ்வளவு இருந்தும், பஸ்ஸில் இருந்தவர்களுட் பெரும்பாலோர் குனிந்த தலை நிமிரவில்லை. கையிலிருந்த சிறு கண்ணாடியில் எங்கோ நடந்த ஏதோவொன்று ஓடிக்கொண்டிருந்தது.

கைத்தொலைபேசியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அது இல்லாத காலத்திலும் மனம் வீட்டில் இருந்ததில்லை. 2010 ஆம் ஆண்டிலே ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியூ கில்லிங்ஸ்வேத், டானியல் கில்பேட் என்னும் ஆய்வாளர் இருவர் இதனைக் கணக்கெடுத்து வெளியிட்டனர். 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு வேளைகளில், "இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அதிலே இருக்கிறதா, வேறெங்கும் இருக்கிறதா?" என்று விசாரித்தார்கள். கேட்ட வேளைகளில் ஏறத்தாழ 47 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. அவ்வாறு அலையும் வேளைகளில் மக்கள் மகிழ்ச்சி குன்றியே இருந்தனர் என்பதும், இனிய நினைவுகளில் அலைந்தவர்கள்கூடச் செய்யும் தொழிலிலே மனம் பதித்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கவில்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவு. இந்த விசாரணை முழுவதையும் அவர்கள் நடத்தியது கைத்தொலைபேசி வாயிலாகவே என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலே பஸ் நிற்கிறது. நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர் கூட்டம் ஒரு பக்கம். நெடுந்தீவுக்குப் போகும் ஊரவர் ஒரு பக்கம். யாத்திரிகர் கையில் பூத்தட்டு. ஊரவர் கையில் அரிசிமூட்டை, மரக்கறிக்கூடை, எரிவாயுச் சிலிண்டர், மழைக்காலத்துக்கு முன் கூரைக்குப் போடவேண்டிய தகரம். தாம்போதியால் இணைக்கப்படாத நமது தீவுகளுட் பெரியது நெடுந்தீவு. அதன் பரப்பு 50 சதுர கிலோமீற்றரளவு. அங்கு வாழும் சில ஆயிரம் மக்களுக்கு உப்பும் மீனும் பனையும் தவிர மற்றெல்லாம் ஏறத்தாழ இந்தத் துறையைக் கடந்தே போகவேண்டும். ஆகவே வள்ளத்தில் ஏறும் ஒவ்வொரு பொருளையும் இரண்டு கண்கள் கவனித்துக்கொண்டிருக்கும். இறங்கும்போது ஒன்று குறைந்தால் அதற்காக மறுபடியும் கடல் கடக்கவேண்டுமல்லவா?

வள்ளம் புறப்பட்டது. கடல் அமைதியாக இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். பாக்குநீரிணை ஆழங் குறைந்த கடலாதலின், காற்று வந்துவிட்டால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும்; பெருங்கடலின் நீண்ட அலையைவிட இது வயிற்றைப் படுத்தும் பாடு அதிகம். காற்றுக்கு இங்கே தனித்தனிப் பெயருண்டு. தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். நம் மாணவர்கள் தென்றல், கோடை என்று பாடப்புத்தகத்தில் மனனஞ் செய்வது பரீட்சைக்கு; இங்கே வாழ்பவர்கள் காற்றின் பெயரைச் சொல்வது இன்று கடலுக்குப் போகலாமா, நோயாளியை ஏற்றலாமா, ஓலையைக் காயப்போடலாமா என்று தெரிந்துகொள்வதற்கு. முகத்தில் காற்றுப் பட்டவுடன் அதன் பெயர் வாயில் வந்துவிடும். வெளியே வந்து நின்று, தோலால் உணர்ந்து பழகாதவருக்கு அது வராது.

நம்முடன் வந்த பதினான்கு வயதுப் பையன் சுக்கான் பிடிப்பவரின் அருகிலே போய் நின்றான். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "அண்ணை, ஒரு அடையாளமும் இல்லாத இடத்திலை என்னத்தைப் பாத்து ஓட்டிறியள்?" என்று கேட்டான்.

அவர் முகத்தைத் திருப்பாமலே, "உதிலை வாற அலையைப் பாத்துத்தான் தம்பி. நேத்தையான் கடலை நினைச்சுக்கொண்டு இண்டைக்கு ஓடேலாது" என்றார்.

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேச அவருக்கு நேரம் இருக்கவில்லை.

இந்த நாட்டிலே இப்பொருளைப் பற்றி எழுதியவர்கள் இல்லாமலில்லை. 1901 ஆம் ஆண்டு ஜேர்மனியிலே பிறந்து, 1936 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து துறவு பூண்ட ஞானபோனிக தேரர், பௌத்த தியானம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1954 ஆம் ஆண்டு கொழும்பிலேதான் முதன்முதல் வெளியாயிற்று. கண்டிக் காட்டுக் குடிலில் நெடுங்காலம் வாழ்ந்து 1994 இல் அவர் மறைந்தார். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபாற் சின் என்பவர், தீராத நோவினால் வருந்துவோருக்கு இதே பயிற்சியைச் சமயச் சார்பின்றிக் கற்பிக்கத் தொடங்கினார். நம் சைவ மரபிலே சும்மா இருத்தல் என்று சொல்வதும் சோம்பியிருத்தலை அன்று. இவையெல்லாம் வெவ்வேறு வழிகள்; ஒன்றோடொன்று போட்டுக் குழப்புதல் ஆகாது. ஆனால் பாளிமொழியில் இந்த விழிப்புக்கு வழங்கும் சொல்லை மட்டும் இங்கே குறிப்பிடாமல் விட மனமில்லை. ‘சதி’ என்பது அச்சொல். தமிழில் அந்த ஒலிக்கு வேறு பொருள் உண்டென்று அஞ்சவேண்டாம். வடமொழியில் ‘ஸ்மிருதி’ என்பதே பாளியில் அவ்வாறாயிற்று. ஸ்மிருதி என்றாலோ நினைவு. இக்கணத்தில் விழித்திருத்தலுக்கும் பழையதை நினைத்தலுக்கும் ஒரே சொல்லா என்று வியக்கலாம். அந்த வியப்பு மாவிலித்துறையில் கால் வைத்ததும் தீர்ந்துபோகும்.

மாவிலித்துறை நெடுந்தீவின் இறங்குதுறை. அங்கே ஒரு நினைவுத்தூபி நிற்கிறது. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், இதே துறையிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிலே சென்ற பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் ஊரவர் இங்கே கூடி விளக்கேற்றுகிறார்கள். நம்மோடு வந்த வள்ளத்தில் இருந்த வயோதிபர் ஒருவர், தோளில் அரிசிமூட்டையுடன் இறங்கி வந்து, தூபிக்கு முன்னால் மூட்டையைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் நின்றார். மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவர் அவ்வாறு செய்வாரோ, அன்று மட்டும் செய்தாரோ அறியோம். பழையதையெல்லாம் மறந்துவிட்டு இன்றைக்கு வாழுங்கள் என்று நமக்கு அறிவுரை கூறுவோர் உண்டு. அவர்கள் இந்தத் துறையில் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும். அந்தப் பெரியவர் அந்த ஒரு நிமிடத்தில் இருந்ததைப்போல முழுமையாக வேறெவரும் அன்று அந்தத் துறையில் இருக்கவில்லை என்பதே நமது எண்ணம்.

தீவைச் சுற்றிக் காட்டுவதற்கு முச்சக்கர வண்டிகள் காத்திருக்கின்றன. மாலை வள்ளத்துக்குத் திரும்பவேண்டுமாதலின் எல்லாம் விரைவாகவே நடக்கும். முருகைக்கல்லாற் கட்டி இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, உள்ளே ஆட்கள் புகுந்து நிற்கக்கூடிய பொந்துடைய பெருக்கமரம் என்று ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். பெருக்கமரம் ஆபிரிக்காவுக்கு உரியது. அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது பொதுவான நம்பிக்கை. வந்தவர்கள் மரத்துக்கு முதுகைக் காட்டிநின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மரம் அவர்களைப் பார்க்கிறது. அவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை.

குதிரைகளைத் தெற்கு வெளியிலே கண்டோம். பறங்கியரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரி இங்கே குதிரை வளர்த்ததும் உண்டு. இன்று அவை எவருக்கும் உரியவையல்ல. படங்களில் அவை பிடரிமயிர் பறக்க ஓடும். நாம் கண்டவை ஓடவில்லை. வற்றிய குட்டையின் ஓரத்தில் விலா எலும்பு தெரிய நின்றன. கோடை கடுத்தால் நீரின்றி மடிவதும் உண்டு. பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று நினைத்தோம். மாறாக, சின்னவள் எதுவும் பேசாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுகள் என்னத்தைக் குடிக்கும்?" என்பதுதான் அவள் கடைசியில் கேட்ட கேள்வி. படத்தில் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திராது.

இவற்றையெல்லாம்விட நம்மை நிறுத்தி வைத்தது ஒரு வேலி. நெடுந்தீவிலே வேலிகள் கல்லால் ஆனவை. முருகைக்கற்களைச் சுண்ணாம்போ சீமெந்தோ இன்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மார்பளவு உயர்த்தியிருக்கிறார்கள். ஒழுங்கை ஒழுங்கையாக, வளவு வளவாக, தீவு முழுவதும் இந்தச் சாம்பல்நிறக் கோடுகள் ஓடுகின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெளி உண்டு. அந்த வெளியால் காற்றுப் புகுந்து போவதனால் வேலி சாய்வதில்லை. ஓரிடத்தில் மாடு இடித்து விழுந்த பகுதியை நடுத்தர வயதினர் ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு கல்லை எடுப்பார்; கையில் உருட்டிப் பார்ப்பார்; வைப்பார்; மேலே உள்ளங்கையை ஊன்றி அழுத்துவார். ஆடினால் எடுத்துத் திருப்பி வைப்பார். இரண்டு கல் ஒரே மாதிரி இல்லை. ஆதலால் ஒரு கல்லுக்குச் செய்தது அடுத்த கல்லுக்கு உதவாது. எவ்வளவு காலப் பழக்கம் இருந்தாலும் கையைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டு மனம் வேறிடம் போக முடியாத தொழில் அது.

பையன் தானும் ஒரு கல் வைக்கலாமா என்று கேட்டான். "வையும், வையும்" என்று அவர் விலகி இடங்கொடுத்தார். அவன் வைத்த கல் ஆடியது. திருப்பினான், ஆடியது. வேறு கல் எடுத்தான். அரைமணி நேரம் சென்றது. முச்சக்கர வண்டிக்காரர் இரண்டு தடவை ஒலி எழுப்பினார். அதற்கிடையில் அவனுடைய சட்டைப்பையிலே கைத்தொலைபேசி அடித்து ஓய்ந்தது; நமக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை.

இத்தகைய வேலிகள் நம் வீடுகளிலும் உண்டு என்று அப்போது தோன்றியது. அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும் தாய்மாரைப் பாருங்கள். சட்டியைச் சரித்துச் சுழற்றும்போது அரிசி மேலே மிதந்து நீரோடு போகவேண்டும். மணலும் கல்லும் அடியில் நிற்கவேண்டும். மனம் ஒரு கணம் அயலுக்குப் போய் வந்தால், அன்று மத்தியானம் யாருடைய பல்லிலோ கல் கடிபடும். கடையில் கல் நீக்கிய அரிசி வந்ததும் அந்தச் சட்டி பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. நல்லதுதான்; வேலை குறைந்தது. ஆனால் ஒரு நாளில் ஐந்து நிமிடமேனும் கையும் கண்ணும் மனமும் ஓரிடத்தில் கூடியிருக்க ஒரு காரணம் இருந்தது. அதற்கு ஈடாக வேறு எதையும் நாம் வைக்கவில்லை. ஒரே பக்கத்தை மூன்று தடவை வாசித்தும் என்ன வாசித்தோம் என்று தெரியாமல் விழிக்கும் மாணவனுக்குத் தியானப் பீடம் தேடிக் கொடுக்கவேண்டியதில்லை. வாசித்ததைப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதச் சொன்னாற் போதும். எழுத முடியாத இடத்தில் அவனுடைய கல் ஆடும்.

மத்தியானம் தேநீர் அருந்துவதற்காக ஓலைவேலி அடைத்த வீடொன்றில் தங்கினோம். வீட்டுக்காரி எழுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி. நம்முடன் வள்ளத்தில் வந்திருந்த கொழும்பு அன்பர் ஒருவரும் அங்கே வந்து சேர்ந்தார். பனைகளையும் வெளியையும் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "என்ன அமைதியான ஊர்! இப்படி இருந்தால் மனத்துக்கு ஒரு கவலையும் இராது, இல்லையா ஆச்சி?" என்றார்.

ஆச்சி தேநீரை ஆற்றிக்கொண்டே, "அமைதிதான் தம்பி. இரவிலை வருத்தம் எண்டு வந்தால் அந்த அமைதியை வைச்சு என்ன செய்யிறது?" என்றார்.

பிறகு சொன்னார். தீவிலே ஆஸ்பத்திரி உண்டு; ஆனால் கடுமையான நோயென்றால் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும். மகளுக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்ட இரவு வாடைக்காற்று உரத்து அடித்தது. காற்றுத் தணியட்டும் என்று துறையிலே காத்திருந்தார்கள். மகள் ஒவ்வொரு தடவை முனகும்போதும் ஆச்சி கடலைப் பார்ப்பாராம். விடியுமுன் காற்று விழுந்தது, வள்ளம் போயிற்று. பிறந்த பேரன் இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறான். நமக்குச் சீனிப் போத்தல் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான்.

கொழும்பு அன்பர் பிறகு ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. கணத்தில் இருங்கள் என்று சொல்வோர், இருக்கக்கூடிய இனிய கணங்களை மனத்தில் வைத்தே சொல்கிறார்கள். அந்த இரவில் ஆச்சிக்குத் தப்பிப்போக வேறு கணம் இருந்திருந்தால் தப்பிப் போயிருப்பார். இல்லாதபடியால் இருந்தார், காற்றையும் மகளின் மூச்சையும் மாறி மாறிக் கவனித்தார், காற்று மாறியதை எல்லாருக்கும் முன்னர் அறிந்தவர் அவரே. நாம் மெச்சும் இந்த விழிப்பு ஓய்வாக இருப்பவரின் ஆபரணமன்று. அத்தீவாருக்கு அது வேறு வழியில்லாமல் வந்த கல்வி. அதனால் அவர்களுக்கு நல்லதொரு படகும் இரவில் ஓடும் ஒரு வைத்திய வசதியும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. தண்ணீர் அள்ள ஆச்சி குடங்களுடன் கிணற்றடிக்குப் போனார். நாமும் கூடப் போனோம். நெடுந்தீவின் நிலம் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும். மழைநீர் அதனூடே இறங்கி, கீழே ஊடுருவியிருக்கும் கடல்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் பாரங் குறைந்ததாதலின் அவ்வாறு நிற்கும். கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலார் கணக்கு. மறுபுறமும் அதே கணக்குத்தான்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறும். ஆகையால் இந்தக் கிணறுகளில் அவசரமாக இறைக்கக்கூடாது. இயந்திரம் பூட்டி இறைத்து உவரான கிணறுகள் குடாநாட்டிலும் உண்டு. ஆச்சிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தண்ணீரை நாவில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு அள்ளலாம் என்பது தெரியும்.

வாளியைக் கலங்காமல் இறக்கி, கயிற்றைத் தளர்த்தி, அது தானாகச் சரிந்து நிரம்பும்வரை காத்து, மெல்ல இழுத்தார். முதற் குடம் நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது. மூன்றாவது பாதியானபோது ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, வாளியைக் கிணற்றுக் கட்டிலே கவிழ்த்துவிட்டுப் பூவரச நிழலில் அமர்ந்தார்.

"இன்னும் அரைக்குடம் இருக்கே, நான் அள்ளட்டே ஆச்சி?" என்று பையன் கயிற்றைப் பிடித்தான்.

"விடு அப்பன்" என்றார் ஆச்சி. "ஊறட்டும்."